நில அதிர்வைக் கேட்கும் செவி நமதாகட்டும்!

(திருப்பெரும்புதூரில் தமிழன்பர்களிடையே புலவர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

மின்கம்பி எட்டாத தொலைவிடத்தில், மிகக் குறைந்த மின்னாற்றலைக் கொண்டு, நில அதிர்வைப் பதிவு செய்யும் ஒரு சிறு நிலையத்தை நாமே வடிவமைப்பது எப்படி? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இலக்கணமும் இலக்கியமும் நடத்துகின்ற தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் பிழையில்லை. என்னை இதற்குள் இழுத்து வந்தவன் என் மாணவன் ஒருவன்.

பதினைந்து ஆண்டுகட்கு முன் என்னிடம் தமிழ் பயின்றவன் அவன். பின்னர்த் தொழிற்பயிற்சி பெற்று, ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடைப்பட்ட இத் தொழிற்பரப்பில் மின்னணுப் பலகைகளைப் பொருத்தும் பணியில் சேர்ந்தான். ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு வந்தவன், "ஐயா, நாள்தோறும் ஆயிரக்கணக்கான பலகைகள் என் கைவழியே செல்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கருவியையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை நானே எண்ணிச் செய்ய வேண்டும்" என்றான். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. உலகுக்குக் கைப்பேசியும் மகிழுந்தும் செய்து தரும் கைகள் இவை. ஆயின் அவற்றை எண்ணி வரைந்த உள்ளங்களோ பெரும்பாலும் வேற்று நாடுகளில் இருக்கின்றன. கை நம்முடையது, கருத்து அயலாருடையது என்னும் நிலை எத்தனை நாளைக்கு?

எந்தக் கருவியைச் செய்வது என்று இருவரும் எண்ணினோம். நில அதிர்வளவி என்று அவன்தான் சொன்னான். அதற்குக் கரணியம் உண்டு. அவனுடைய தாய்வழி உறவினர் நாகப்பட்டினக் கடற்கரையைச் சார்ந்தவர்.

2004 திசம்பர் 26-ஆம் நாளை (தி.ஆ. 2035) நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று காலை 6 மணி 28 நிமையத்திற்குச் சுமத்திராத் தீவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. அந்நடுக்கத்தின் முதலலை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடந்து ஐந்து நிமையத்திற்குள் சென்னை மண்ணுக்கு அடியில் வந்துவிட்டது. ஆழிப்பேரலையோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே நம் கரையைத் தொட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணிப் பாருங்கள்! நிலம் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னரே சொல்லிவிட்டது. உலகெங்கும் இருந்த கருவிகளும் கேட்டன. ஆனால் கேட்டதைக் கணக்கிட்டுக் கரையோர மீனவர்க்கு அவர் மொழியில் எடுத்துரைக்க இந்தியப் பெருங்கடலில் அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. மூன்றாண்டு கழித்து, 2007 அத்தோபரில்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நடுவம் இயங்கத் தொடங்கியது.

நிலம் நம்முடையது, செவி அயலாருடையது என்னும் இந்நிலை பழையது. 1897 சூன் 12-இல் அசாமில் பெருநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அலைகள் ஞாலத்தின் உடலை ஊடுருவிச் சென்று இத்தாலி நாட்டுக் கருவிகளில் கோடுகளாக விழுந்தன. இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய ஓல்டாம் என்னும் அறிஞர் அவ் வயல்நாட்டுப் பதிவுகளை ஆராய்ந்தே முதலலை, இரண்டாம் அலை, மேற்பரப்பலை என மூவகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். 1906-இல் ஞாலத்தின் நடுவே ஒரு கரு உண்டு என்பதற்கும் அவர் நில அதிர்வலைகளையே சான்றாக்கினார். அசாம் நடுக்கத்திற்கு அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நம் கோடைக்கானலிலும் மில்னே என்பாரின் கருவிகள் நிறுவப்பட்டன. இன்று புதுதில்லியிலுள்ள நில அதிர்வியல் நடுவம் நாடு முழுதும் 150-க்கும் மேற்பட்ட நிலையங்களை நடத்துகிறது. ஆயினும் இத்துணைப் பெரிய நாட்டுக்கு இவ்வெண்ணிக்கை மிகுதியன்று.

"நம் தென்னாட்டு நிலம் கெட்டியானது. இங்கே நடுக்கம் ஏது?" என்பார் உளர். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்தது. 1993 செபுதம்பர் 30-இல், அசையாதது என்று கருதப்பட்ட மகாராட்டிர மேட்டுநிலத்தில் இலாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி குலைந்து, ஏறத்தாழப் பதினாயிரம் பேர் உறக்கத்திலேயே மடிந்தனர். 2001 செபுதம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவுள்ள நடுக்கம் எழுந்தது; சென்னை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். 2012 ஏப்பிரல் 11-இல் சுமத்திராவுக்கு அப்பால் எழுந்த 8.6 அளவு நடுக்கத்தையும் சென்னையின் மாடிக் கட்டடங்களில் இருந்தோர் உணர்ந்தனர். 2002-இல் கட்டட நெறிமுறைகளைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் இடர்மண்டிலத்திலிருந்து மூன்றாம் மண்டிலத்துக்கு உயர்த்தினர். நடுக்கம் அரிதாக வரலாம். ஆனால் அரிதாக வருவதை மாந்தன் மறக்கிறான். மறந்தவன் வீடே முதலில் விழுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடுக்கம் எந்நாள் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி உலகில் இல்லை. வந்த நடுக்கம் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வலிமையோடு எழுந்தது என்பதை விரைந்து அறிவதே நிலையத்தின் பணி. சிறுசிறு அதிர்வுகளை ஆண்டுக்கணக்கில் எண்ணி வைத்தால், எவ்விடத்தில் நிலம் ஓயாது உழைக்கிறது என்பதும் புலப்படும்.

முதல் ஆய்வை எங்கள் பள்ளியிலேயே செய்தோம். என் மாணவன் ஒரு நிலச்செவியை வாங்கி வந்தான். உள்ளங்கையில் அடங்கும் சிறு குப்பி அது. உள்ளே பெட்டியோடு பிணைந்த ஒரு காந்தமும், மெல்லிய வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருளும் உண்டு. நிலம் அசைந்தால் காந்தம் அசையும். சுருளோ தன் சோம்பலால் இருந்த இடத்திலேயே இருக்க முனையும். இரண்டுக்கும் இடையே எழும் அவ்வேறுபாடு கம்பியில் சிறு மின்னழுத்தமாகப் பிறக்கும். இதன் பெருமை என்னவென்றால், நிலச்செவிக்கு மின்னாற்றல் ஒரு துளியும் வேண்டா. நிலமே அதற்கு உணவிடுகிறது.

வேப்பமரத்தடியில் குழிதோண்டி அதனைப் புதைத்தோம். என்ன கேட்டது தெரியுமா? பள்ளி விடும் மணிக்குப் பின் ஆயிரம் கால்களின் ஓட்டம், 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்துகளின் உறுமல், காற்றில் ஆடும் மரத்தின் வேர், தொலைவில் ஏதோ ஓர் ஆலையில் இரும்புத் தகட்டை அழுத்தும் பொறியின் ஓயாத அடி! நிலத்தின் சொல் இவற்றுள் எங்கே கேட்கும்? திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் அழுகுரலைத் தேடுவது போன்ற நிலை. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது உலகெங்கும் ஊரடங்கியது. அப்போது மாந்தர் எழுப்பும் நில இரைச்சல் அரையளவு வரை குறைந்ததாக அறிவியலார் கண்டனர். நாம் எழுப்பும் இரைச்சல் எவ்வளவு பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இரைச்சலோடு மண்ணும் ஒரு தடை. இப்பக்கத்து நிலம் பல இடங்களில் பழம் படிவுகளாலும் களிமண்ணாலும் மணலாலும் ஆனது. மெத்தையின்மேல் செவி வைத்துக் கேட்பது போல் அது அதிர்வை மாற்றிவிடும். கேட்பதற்குப் பாறை வேண்டும். பல்லாவரத்துப் பாறையை நீங்கள் அறிவீர்கள். நிலவியலார் அதனைச் சார்னோக்கைட்டு என்பர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகனின் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது. அதனால் 1893-இல் பாறைக்கே அவன் பெயரை இட்டுவிட்டனர். பாறை நம்முடையது, பெயர் கல்லறையில் கிடந்தவனுடையது! அது நிற்க.

செங்கற்பட்டுக்கு அப்பால், பெருஞ்சாலையிலிருந்து விலகி, என் மாணவனின் மாமனார்க்கு உரிய புன்செய் நிலத்தில் அத்தகைய ஒரு பாறை முகடு இருக்கிறது. அங்கே இரைச்சல் இல்லை. ஆனால் மின்கம்பியும் இல்லை. அமைதி உள்ள இடத்தில் மின் இல்லை, மின் உள்ள இடத்தில் அமைதி இல்லை. தொலைநிலையம் வடிவமைப்பதன் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

ஆகவே கதிரவன் ஒளியை உண்டு வாழும் நிலையமாக அதனை அமைக்க வேண்டும். வெளிநாட்டார் வரைபடம் ஒன்றைப் பார்த்து, அதில் கண்டவாறே உறுப்புகளை வாங்கிப் பொருத்தினோம். நிலச்செவிகள் மூன்று: மேல்கீழ் அசைவுக்கு ஒன்று, வடக்குத் தெற்குக்கு ஒன்று, கிழக்கு மேற்குக்கு ஒன்று. அவை தரும் மின்னழுத்தத்தை நொடிக்கு நூறு முறை அளந்து எண்ணாக மாற்றும் எண்ணாக்கி ஒன்று. மூன்று செவிக்கும் சேர்த்து நொடிக்கு 300 எண்கள். ஒரு நாளைக்கு 2 கோடியே 59 நூறாயிரத்து 20 ஆயிரம் எண்கள்! அவற்றைச் சேர்த்து வைக்க ஒரு நினைவட்டை. வானத்துச் செயற்கைக்கோள்களிடம் நேரம் கேட்கும் ஒரு கருவி. கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகச் செய்தி அனுப்பும் ஒரு வானொலி. 20 வாட்டுக் கதிரொளித் தகடு. 12 வோல்ட்டு, 20 ஆம்பியர் மணி மின்கலம்.

ஐப்பசியில் நிறுவினோம். ஒரு கிழமை நன்றாக இயங்கியது. அடைமழை தொடங்கிய நான்காம் நாள் இரவு நிலையம் செத்துப்போயிற்று. மழை நின்று போய்ப் பார்த்தால் மின்கலம் வறண்டு கிடந்தது. பெரிய தகடும் பெரிய மின்கலமும் வாங்கலாம் என்றான் அவன். அவனுடைய திங்கள் ஊதியத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அதில் போயிருந்தது. நான் வேண்டா என்றேன்.

தோழர்களே, எனக்கு மின்னணுவியல் தெரியாது. தெரிந்தது தமிழ் ஒன்றே. ஆகவே அவனிடம், "ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது, எப்போது விழித்திருக்கிறது, எவ்வளவு உண்கிறது என்று ஒவ்வொரு வரி தமிழில் எழுது. ஆங்கிலச் சொல் ஒன்றும் வரக்கூடாது" என்றேன். அவன் எழுதினான். நிலச்செவி, ஒன்றும் உண்ணாது. எண்ணாக்கியும் அதனை ஆளும் நுண்பொறியும், எப்போதும் விழித்திருக்கும், 0.8 வாட்டு. நேரம் கேட்கும் கருவி, எப்போதும் விழித்திருக்கும், 0.2 வாட்டு. வானொலி, எப்போதும் விழித்திருக்கும், 2 வாட்டு.

அவ்வரியை எழுதி முடித்தவன் எழுதுகோலை நிறுத்தினான். "ஐயா, வானொலி ஏன் எப்போதும் விழித்திருக்கிறது?" என்று கேட்டான். அதுதான் பிழை! ஆங்கில வரைபடத்தில் ஒரு கட்டமாகவும் மூன்று எழுத்தாகவும் இருந்தவரை அப்பிழை அவன் கண்ணில் படவில்லை. தாய்மொழியில் எழுதியவுடன் தன்னைத்தானே காட்டிக்கொண்டது. மழைநாளில் கோபுரத்தின் இணைப்புக் கிடைக்காமல் அவ்வானொலி இரவெல்லாம் கூவிக்கூவி அழைத்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று விடியும்வரை கதவைத் தட்டியவன் நிலைதான்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. கணக்கைப் பாருங்கள். மூன்று வாட்டு, 24 மணிக்கு 72 வாட்டு மணிச் செலவு. முகில் மூடிய நாளில் 20 வாட்டுத் தகடு தருவது ஏறத்தாழ 40. நாள்தோறும் 32 கடன். 20 ஆம்பியர் மணி மின்கலத்தில் 240 வாட்டு மணி இருந்தாலும், ஈய மின்கலத்தை அரையளவுக்குமேல் வற்றவிட்டால் அது விரைவில் கெடும். ஆதலின் கைக்கு எட்டுவது 120. அதனை 32-ஆல் வகுத்தால் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. நிலையம் செத்ததும் நான்காம் நாள்! கணக்கு பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்கவில்லை.

இனித் திருத்தம். வானொலி மணிக்கு ஐந்து நிமையம் மட்டும் விழிக்கட்டும். இணைப்புக் கிடைக்காவிட்டால் உறங்கி, அடுத்த மணியில் முயலட்டும். அதன் செலவு ஆறில் ஒரு பங்கு வாட்டாகக் குறைந்தது. நேரம் கேட்கும் கருவி மணிக்கு ஆறு நிமையம் விழித்தாற் போதும். நேரத்தில் சிக்கனம் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. முதலலை பாறையில் நொடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் செல்லும். நம் கடிகாரம் ஒரு நொடி வழுவினால் நடுக்கத்தின் இடம் ஆறு கிலோமீட்டர் தள்ளிப்போகும். இயல்பான படிகக் கடிகாரம் ஒரு நாளில் ஒன்றிரண்டு நொடி வழுவும். ஆனால் மணிக்கொரு முறை வானத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டால் வழு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இவ்வாறு முழுச்செலவும் ஏறத்தாழ ஒரு வாட்டாயிற்று. ஒரு நாளைக்கு 24 வாட்டு மணி. முகில் நாளின் வரவு 40, செலவு 24; கடன் போய் மிச்சம் வந்தது! புயல் நாளுக்காக மின்கலத்தை மட்டும் இருமடங்காக்கினோம். கதிரவன் முகமே காட்டாவிட்டாலும் இப்போது பத்து நாள் தாங்கும்.

வானொலி உறங்கும்போது நடுக்கம் வந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழியுண்டு. கடந்த ஒரு நொடியின் அசைவையும், கடந்த அரை நிமையத்தின் அசைவையும் நிரவிப் பார்த்து நுண்பொறி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முன்னது பின்னதைப் போல் நான்கு மடங்கானால், ஏதோ நிகழ்கிறது என்று வானொலியை உடனே எழுப்பும். தாய் உறங்கினாலும் குழந்தை சிணுங்கினால் விழித்துக்கொள்வதில்லையா? அதுபோல்தான். ஆயினும் மாடு மிதித்தாலும், கல்லுடைப்போர் வெடி வைத்தாலும், இடி விழுந்தாலும் அது எழும். எனவே ஒரு நிலையம் சொல்வதை மட்டும் நம்பலாகாது. முதலலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். ஒரு நிலையம் தொலைவை மட்டுமே சொல்லும், திசையை உறுதியாகச் சொல்லாது. மூன்று நிலையங்கள் மூன்று வட்டம் வரைந்தால் அவை கூடுமிடமே நடுக்கத்தின் இடம். ஊருக்கு ஒருவர் செய்தால்தான் இது முழுமை பெறும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மண்ணும் தன் பங்குக்கு ஆசிரியனாகும். எறும்பு பெட்டிக்குள் கூடு கட்டும். கம்பித் துளைகளை மெழுகினால் அடைக்க வேண்டும். எலி கம்பியைக் கடிக்கும். இரும்புக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். மின்னலுக்கு நிலத்தொடர்புக் கம்பி வேண்டும். நிலச்செவியைப் பாறையோடு சாந்திட்டு ஒட்டி, மேலே மண்மூடி, வெயிலும் காற்றும் அண்டாமல் காக்க வேண்டும். இவற்றை எந்த அயல்நாட்டு வரைபடமும் நமக்குச் சொல்லாது.

இத்துறையில் நம்மவர் கைகள் நிலாவரை எட்டியதை நீங்கள் அறிவீர்கள். 2023 ஆகத்து 23-இல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் அவர்கள். நிலா மண்ணைப் போன்ற மண் ஆய்வுக்குத் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையே அதற்கு உதவிற்று. அவ்விறங்குகலத்தில் சிலிக்கனில் நுண்ணிதாகச் செதுக்கிய ஆறு முடுக்க அளவிகளைக் கொண்ட ஒரு நில அதிர்வுக் கருவி சென்றது. முழுதும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டது அது. உலவுகலம் நகர்ந்த அசைவைக் கேட்டது; ஆகத்து 26-இல் இயற்கையாய் எழுந்ததாகத் தோன்றும் ஓர் அதிர்வையும் கேட்டது. ஏறத்தாழ 190 மணி நேரம் பதிவு செய்தது. நிலாவின் இரவு வந்ததும் கதிரொளி இழந்து உறங்கிற்று, மீண்டும் எழவில்லை. நம் பாறைமுகட்டு நிலையம் நான்காம் நாள் செத்ததற்காக வருந்திய மாணவனிடம் நான் இதைத்தான் சொன்னேன். ஒளி இல்லாத இடத்தில் வாழக் கற்பதே இக்கலையின் உயிர். அது பெரியோர்க்கும் ஒன்றே, சிறியோர்க்கும் ஒன்றே.

எங்கள் நிலையம் இரண்டாம் மழைக்காலத்தை உயிரோடு கடந்துவிட்டது. அருகில் எழுந்த நடுக்கம் எதனையும் இதுவரை அது பதியவில்லை, பதியாமையே நன்று. உச்சிப்பொழுதில் கல்லுடைக்கும் வெடிகளை மட்டும் தவறாமல் சொல்கிறது. பெரிய நிலையங்களின் இடத்தை இது பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் நுண்மை இதற்கு இல்லை. ஆனால் இதன் ஒவ்வொரு திருகாணியும் எதற்கென்று அறிந்தவன் ஒருவன் இன்று இவ்வூரில் இருக்கிறான். பலகை பொருத்தும் கை இப்போது பலகையை வரைகிறது. அவன் எழுதிய அந்தத் தமிழ்ப் பட்டியல் வளர்ந்து நாற்பது பக்கக் கையேடாகி என் மேசைமேல் இருக்கிறது.

இங்குள்ள இளைஞர்களை நான் மூன்று வேண்டுகிறேன். உங்கள் கைவழியே செல்லும் பொருள்களுள் ஒன்றையாவது, அது என்ன, எதற்கு, எப்படி என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடமே நீங்கள் அறியாத இடம். அங்கிருந்து கற்கத் தொடங்குங்கள். இரண்டாவதாக, பாறையும் அமைதியும் உள்ள இடம் உங்கள் ஊரில் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். கையேட்டைத் தருகிறோம், இரண்டாவது செவியை அங்கே வைப்போம். மூன்றாவதாக, கடற்கரையில் உறவினர் உள்ளவர்கள், நிலம் நீண்ட நேரம் அசைந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அவர்களுக்கு இன்றே சொல்லுங்கள். அதற்குக் கருவி வேண்டா, தமிழ் போதும்.

2004-இல் இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்தது. கேட்கவும் சொல்லவும் ஆளில்லாமல் அதனை இழந்தோம். இனி நிலம் பேசும்போது கேட்கும் செவி நம்முடையதாக இருக்கட்டும், கேட்டதைச் சொல்லும் வாயும் தமிழ் வாயாக இருக்கட்டும்.